வெட்டாமல் விட்ட காய்

செந்திலுக்கு,

இடது கையில் இன்னும் மாவுக்கட்டு இருக்கிறது. காகிதத்தை அழுத்திப் பிடிக்க முடியாததால் அதன் மேல் உப்பு ஜாடியை வைத்துவிட்டு எழுதுகிறேன். நாலு வரிக்கு ஒரு தடவை ஜாடியை நகர்த்த வேண்டியிருக்கிறது, அதனால் இது மெதுவாகத்தான் போகும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதையாவது தொடங்கினால் நீ நடுவில் புகுந்து மாத்திரை போட்டியா, மோட்டாரை நிறுத்தினியா என்று கேட்டு என் பேச்சைத் திருப்பிவிடுவாய். உனக்கு முன்பே தெரிந்த விஷயங்களும் இதில் வரும். நித்யா நம் வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவளும் உட்கார்ந்து படிக்கட்டும்.

நான் விழுந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் என் வேலைக்குப் பெயர் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர். அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்கிறவர்கள் யாரும் இல்லை என்பதால் எல்லோருக்கும் நான் வெளயாட்டு டீச்சர். மனசு கலங்கி வந்தவர்களையும், பக்கவாதத்தில் கைகால் விழுந்து வந்தவர்களையும் ஆடவைப்பதுதான் வேலை. அன்றைக்கு மழை. கூடத்து வாசலில் போட்டிருந்த சாக்கை யாரோ உதறிவிட்டுத் தள்ளிப் போட்டிருந்தார்கள். எறிந்த வளையத்தைப் பொறுக்கப் போனவள் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். உள்ளே இருந்த ஒரு அம்மா, "டீச்சர் அவுட்டு!" என்று கத்தினாள். கூடமே சிரித்தது. மணிக்கட்டு உடைந்த வலியோடு நானும் சிரித்தேன். பல மாதங்களாக அந்தக் கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் வரவழைக்கவில்லை என்பதுதான் அந்த வலியிலும் எனக்கு உறைத்தது.

நீயும் நித்யாவும் ஓசூரிலிருந்து ஓடி வந்து ஒரு வாரம் இருந்தீர்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள். உன் சாம்பாரில் புளி ஜாஸ்தி என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நித்யா தினம் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். கிளம்பும் நாளில் கட்டுப்போட்ட கையோடு நானும் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்தேன். வண்டி வருவதற்கு முன் நீ சொன்னாய்: "வெளயாடனது போதும்மா. வந்து ரெஸ்ட் எடு. உனக்குன்னு ஒரு ரூம் போட்டாச்சி." நீ அன்பாகச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் இல்லத்தில், ஓய்வு வயது வந்துவிட்டாலும் இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீயும் அவர்களும் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அவசரப்பட்டு அங்கே போய்ப் பார்க்காதே.

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. பிள்ளைகள் இதையெல்லாம் கேட்பதில்லை. நைனார்பாளையத்தில் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கரும்பு வெட்டு வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வயலுக்கே போய்விடுவோம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்தது கபடி ஒன்றுதான். இப்போதும் டிவியில் கபடி ஓடினால் நான் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு இந்த இல்லத்தில் சமையல்கட்டு வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஒரு மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்துவிட்டேன், சாயங்காலச் சமையலுக்கு நேரம் இருந்தது. எனக்குப் பொழுது போகவில்லை. கரித்துண்டால் தரையில் தாயக் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டு, நானே இரண்டு ஆளாக ஆடினேன். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும் நாலு பேர் மெல்லத் திரும்பி என் கட்டத்தைப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். அவர்தான் என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். எனக்குச் சேவை மனப்பான்மை என்று விழாவில் பேசுவார்கள். அன்றைக்கு எனக்கு இருந்தது வெறும் அலுப்பு.

சென்னைக்குப் போகிறேன் என்றதும் உன் தாத்தா, "வெளயாட்றத்துக்கு சம்பளமா? யாரோ ஏமாத்தறாங்க. ரெண்டு மாசம் பாத்துக்கினு வந்துடு" என்றார். அவர் சாகும்வரை அந்த இரண்டு மாதம் முடியும் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பயிற்சி முடிந்து திரும்பும்போது ஒரு பை நிறைய சாமான் வாங்கி வந்தேன். கரடி படம் போட்ட பந்து, கலர் கலராகக் கட்டைகள், கிலுகிலுப்பை மாதிரி ஒன்று. வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கரும்பு வெட்டியே காய்ப்பேறிய கைகளோடு ஒரு அம்மா அந்தப் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மா, எங்கள கொயந்தைன்னு நெனச்சிக்கினியா?" என்று கேட்டு, பந்தை என் மடியிலேயே வைத்துவிட்டாள். அன்றோடு அந்தப் பை ஸ்டோர் ரூமுக்குப் போனது. பயிற்சியில் ஒரு கேள்வி சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: புதிதாக வருகிறவரிடம், சும்மா இருக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும், அவர் சொல்வதிலிருந்து தொடங்க வேண்டும். நானும் கேட்டேன். எங்களிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கூலிக்காரர்கள். "சும்மா எப்பம்மா இருந்தோம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கச் சும்மா இருந்தறியாதவர்கள், நோய் வந்ததால் முதல்முறையாகச் சும்மா இருக்கிறார்கள். அது அவர்களுக்கு நோயைவிடப் பெரிய அவமானமாக இருந்தது. அவர்களுக்கு விளையாட்டைக் கொண்டுவர எனக்குப் பல வருஷம் பிடித்தது. மல்லாட்டைக் கடலை உரிப்பதில் போட்டி வைத்தேன், கயிறு திரிப்பதில் வைத்தேன், மரவள்ளிக்கிழங்குத் தோலை அறுந்துவிடாமல் யார் நீளமாகச் சீவுவது என்று வைத்தேன். வேலை மாதிரி தொடங்கினால்தான் அவர்களுக்கு விளையாட்டு வரும்.

உன்னையும் அங்கேதான் வளர்த்தேன். உன் அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பள்ளி விட்டதும் நீ நேராக இல்லத்துக்கு வந்துவிடுவாய். நாளெல்லாம் ஊருக்கெல்லாம் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால் உன்னோடு ஆட எனக்குத் தெம்பு இருக்காது. அதனால் உனக்குத் தாயம் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, ஷெரீப் பாய். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், மனசு சரியில்லாமல் எங்களிடம் வந்து வந்து போவார். தாயம் போடும்போது மட்டும் அவரைவிடத் தெளிவான ஆள் கிடையாது. ஒரு தடவை உன் காயை வரிசையாக வெட்டித் தள்ளிவிட்டார். நீ மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாய். நான் ஏதாவது சொல்வதற்குள் பின்னாலேயே வந்து நின்றார். "தம்பி, அழுதுக்கினே கூட ஆடலாம். ஆனா வெட்டு வாங்கனா வாங்கனதுதான். வா, போடு" என்றார். நீ அழுதுகொண்டே போய் உட்கார்ந்து ஆடினாய். உனக்கு அது மறந்திருக்காது.

என் வேலையில் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்றே ஒன்றுதான். நோயாளிக்கு விட்டுக்கொடுத்து ஆடமாட்டேன். ஜெயித்தால் கைதட்டவும் மாட்டேன். புதிதாக வருகிற நர்ஸ்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு விட்டுக்கொடுப்பதுதான். கணவனோ மகளோ எதிரே உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடி, "அய்யோ, நான் தோத்துட்டேன்" என்பார்கள். எதிரே இருப்பவருக்கு அது தெரியாது என்று நினைக்கிறார்கள். நன்றாகத் தெரியும். பேச்சு போனவருக்கும் தெரியும், புத்தி கலங்கியவருக்கும் தெரியும்.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊரிலிருந்து சடையன் என்று ஒருவர் வந்தார். பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது என்றுதான் எழுதி அனுப்பியிருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொண்டது அவர் மனைவி வெள்ளச்சி. அந்த அம்மா தினம் அவருக்கு எதிரே உட்கார்ந்து தாயம் போடுவாள், தினமும் தோற்பாள். ஒருநாள் அவர் இடது கையால் காயையெல்லாம் தள்ளிக் கலைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப்பிறகு சோறும் சரியாக இறங்கவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை. அவருக்கும் சேர்த்து நானே போட்டு, அவர் காயை வெட்டினேன். மறுபடி வெட்டினேன். வெள்ளச்சி என்னை முறைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் தலை திரும்பியது, கண் கட்டத்துக்கு வந்தது. நான் கொட்டையை உருட்டிவிட்டு மூன்று என்று எண்ணிக் காயை நகர்த்தினேன்.

"ரெண்டு" என்றார்.

குழறலாகத்தான் வந்தது. ஆனால் தெளிவான கோபம். நான் குனிந்து கொட்டையை மறுபடி எண்ணினேன். "ரெண்டுதான். திருடாத" என்று இன்னொரு தடவை சொன்னார். வெள்ளச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெரிய டாக்டர் ஓடி வந்தார், இது என்னுடைய உத்தி என்று எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். உத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் கண்ணாடி போட மறந்துவிட்டேன். பிறகு வெள்ளச்சி என்னிடம் வந்து, "தோத்தா மனசு ஒடிஞ்சிபூடும்னு பாத்தேங்க. அதான் உட்டுக்குடுத்தேன்" என்றாள். சடையன் அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "இவளோட வாணாம். இவ ஆட மாட்டா" என்றார். அவள் அன்றையிலிருந்து நிஜமாக ஆடினாள். கை அவருக்குத் திரும்ப வரவே இல்லை. ஆனால் ஊருக்குக் கிளம்பிய அன்று எங்களிடமிருந்து நாலு புளியங்கொட்டையைக் கேட்டு வாங்கி, இடது கைக்குள் மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மாவுக்கு வேலையை விட மனசில்லை, அதற்குத்தான் சுற்றி வளைக்கிறாள் என்று நினைக்காதே. எனக்கு அலுத்துவிட்டது, செந்தில். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முட்டி கெஞ்சுகிறது. கூடத்துக்குள் போகும்முன் வாசலில் நின்று முகத்தைச் சிரித்த முகமாக மாற்றிக்கொள்கிறேன். முன்பெல்லாம் அது தானாக வரும். நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பியவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு, இளைத்துத் துரும்பாகித் திரும்பி வருகிறார்கள். அவர்களோடு மறுபடியும் முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். சில நாள் ஸ்டோர் ரூமுக்குள் போய் கேரம் போர்டுகளுக்கு நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிப்பதில்லை. லீவு நாளில் கல்வராயன் மலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளிமலை வரை போய்விட்டு, இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன் என்று உனக்குத் தெரியாது. யாரையும் எதையும் செய்யவைக்க வேண்டாத நேரம் எனக்கு அது ஒன்றுதான்.

இவ்வளவு அலுத்தும் ஏன் இத்தனை வருஷம் இருந்தேன் என்றால், அந்தக் கண்ணுக்காகத்தான். எதிலும் நிற்காமல் அலைந்த கண் ஒன்று சட்டென்று கட்டத்துக்கு வந்து நிற்கும். இந்த ஆளை எப்படியும் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போடும். அந்த நேரத்தில் அவர் நோயாளி இல்லை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். வாழ்நாள் முழுக்க மனுஷர்களின் கண்ணைப் பார்த்தே சம்பாதித்தவள் நான். இதை நீ ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் சும்மா படுத்திருக்கிறேனே என்று நீ சாக்பீஸால் கட்டம் போட்டாய். நித்யா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நன்றாகத்தான் ஆடினாய். எனக்கு மூன்று காய் சுற்றி முடித்துப் பழமாகிவிட்டது, கடைசிக் காய் இன்னும் ஒரு கட்டம் போனால் வெட்ட முடியாத மலைக் கட்டம். உன் காய் அதற்கு மூன்று கட்டம் பின்னால் இருந்தது. நீ கொட்டையை உருட்டினாய். மூன்று விழுந்தது. உன் கண் என் காய்க்குப் போனதைப் பார்த்தேன். பிறகு அது என் கையில் இருந்த கட்டுக்குப் போனது. நீ வேறொரு காயை எடுத்து மூன்று கட்டம் வைத்தாய்.

அதுவரை நீ ஒரு காயைக்கூட வெட்டியிருக்கவில்லை. ஒன்றாவது வெட்டாதவன் உள்கட்டத்துக்குள் போக முடியாது என்பது நம் ஊர் ஆட்டம். என்னை வெட்டினால்தான் உனக்கு வழியே திறக்கும். உனக்கு அது தெரியாதா? ஏன் வெட்டவில்லை என்று நான் கேட்டதற்கு, "கவனிக்கலம்மா" என்றாய். அடுத்த உருட்டலில் நான் மலைக்குப் போனேன், கொஞ்ச நேரத்தில் பழமும் ஆனேன். "அத்த, நீங்கதான் ஜெயிச்சிங்க!" என்று நித்யா கைதட்டினாள். நீயும் தட்டினாய். நான் தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். எனக்குத் தாகம் எல்லாம் இல்லை.

எனக்கு அன்றைக்கு எவ்வளவு வலித்தது என்று எழுதத் தெரியவில்லை. மணிக்கட்டு உடைந்தபோதுகூட நான் சிரித்தேனே. அந்த அம்மா "அவுட்டு" என்று கத்தியபோது நான் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன். நீ விட்டுக்கொடுத்தபோது நான் உனக்கு எதிரே படுத்திருக்கும் ஒரு நோயாளி. என் பிள்ளையே என்னை அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டான் என்று தோன்றியது. நீ தயார் செய்திருக்கும் ரூமை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. கட்டில், டிவி, தட்டில் வைத்துத் தரும் மாத்திரை, நான் எது சொன்னாலும் "சரிம்மா, நீ சொன்னா சரிதான்" என்று தலையாட்டும் ஒரு மகன். சடையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நித்யாவுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன், அவளுக்கு நேராகச் சொன்னால் கூச்சப்படுவாள். அவளோடு சண்டை வந்தால் சண்டை போடு. நீ "சரி உடு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போவதை அந்த ஒரு வாரத்திலேயே நாலைந்து தடவை பார்த்தேன். நீ அதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறாய். அவள் அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு யாரோடு ஆடுவாள்? உன் அப்பா இருந்தவரை என்னோடு சரிக்குச் சரி நின்று கத்துவார், மறுநாள் லாரியை வழியில் நிறுத்தி மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வருவார். எனக்கு இரண்டும் பிடித்திருந்தது.

இப்போது பதில். இல்லத்தில் பொங்கல் வரைக்கும்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான். எனக்கும் வருத்தம்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இத்தனை வருஷம் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது நீ இன்னா பண்ணுவ? ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் போவேன், கபடி பார்த்துக் கத்துவேன், தாயம் போடுவேன். மூன்று பதில் வந்தது. எங்களிடம் வருகிற பல பேருக்கு ஒன்றுகூட வராது. அதனால் என்னைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தை பிறந்ததும் சின்னசேலத்தில் வண்டி ஏறி வருகிறேன். அந்த ரூமில் கட்டிலை ஓரமாகத் தள்ளிப் போடு, நடுவில் தரை இருக்கட்டும்.

ஆனால் அன்றைக்கு நடந்த ஆட்டத்தை நான் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. அது முடியவே இல்லை. எந்தக் காய் எங்கே இருந்தது என்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, வந்ததும் முதல் வேலையாகக் கட்டம் போட்டு அதேபோல வைப்பேன். என் கடைசிக் காய் மலைக்கு ஒரு கட்டம் இந்தப் பக்கம் நிற்கும். கை அதற்குள் சேர்ந்திருக்கும், சேராவிட்டாலும் நீ அதைப் பார்க்கக்கூடாது. ஷெரீப் பாய் உன் முகத்தையா பார்த்தார்? நான் தோற்றால் உன்னைத் திட்டுவேன், ராத்திரி சோறு வேண்டாம் என்றுகூடச் சொல்வேன், நீ சமாதானம் பண்ண வராதே. மறுநாள் காலையில் நானே வந்து, வா, போடு என்பேன்.

கொட்டை உருட்ட வேண்டியதில்லை, செந்தில். நீ ஏற்கெனவே உருட்டிவிட்டாய். மூன்று விழுந்திருக்கிறது. என்னை வெட்டு.

அம்மா